பஞ்சரான பஸ்ஸுக்குக் கடலை மிட்டாய்

பஞ்சராகி நின்ற பஸ்ஸுக்குக் கைதட்டி, கடலை மிட்டாய் கொடுத்து வரவேற்பு நடத்திய ஒரே வாத்தியார் தமிழ்நாட்டிலேயே நானாகத்தான் இருப்பேன். வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், ஒரு சங்கம் ஆரம்பித்துவிடலாம். தலைவர் பதவி மட்டும் எனக்கு.

இது நடந்தது 2010 கடைசியிலும் 2011 ஆரம்பத்திலும். ஒரகடம் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் நான் வரலாறு வாத்தியார். பிளஸ் டூ கலைப் பிரிவுக்கு வகுப்பாசிரியர் வேறு. என்னைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: வகுப்புக்குள் முதலில் என் தொந்தி நுழையும். பசங்க அதற்கு எழுந்து நின்று வணக்கம் சொல்லிவிட்டு, நான் உள்ளே வருவதற்குள் உட்கார்ந்துவிடுவார்கள்.

அந்த வருஷம் பள்ளி திறந்த புதிதில் காஞ்சிபுரத்தில் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி. மாணவர்களிடம் அகிம்சை, சகிப்புத்தன்மை, ஜனநாயகப் பங்கேற்பு ஆகியவற்றை வளர்ப்பது எப்படி என்று. ஆள் இல்லாவிட்டாலும் பள்ளிக்கு நஷ்டமில்லை என்கிற ஒரே தகுதியில் எச்.எம். என்னை அனுப்பிவைத்தார். முதல் நாள் அகிம்சை. இரண்டாம் நாள் சகிப்புத்தன்மை. அன்றைக்குப் பார்த்து கரண்ட் இல்லை, ஃபேன் ஓடவில்லை, அதனால் செய்முறைப் பயிற்சியும் சேர்ந்தே கிடைத்தது. மூன்றாம் நாள் ஜனநாயகப் பங்கேற்பு. பாதிப் பேர் வரவில்லை. திரும்பி வந்ததும் எச்.எம். "எப்படிய்யா இருந்துச்சு அகிம்சை?" என்று கேட்டார். "சாம்பார் பிரமாதம் சார்" என்றேன்.

ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும் என்றால், எனக்கு அந்தப் பயிற்சி பிடித்துப்போயிற்று. பாடத்தை நடத்தாதே, பசங்களைச் செய்யவிடு என்று அங்கே ஒரு அம்மா சொன்னார். அதை அப்படியே தலையில் ஏற்றிக்கொண்டு வந்தேன். என் தலையில் இடம் நிறைய இருந்தது.

எங்கள் பக்கத்துச் சாலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு காலத்தில் ஆட்டு மந்தை குறுக்கே போனால் பஸ் காத்திருக்கும். நான் சொல்லும் நேரத்தில் அது ஆறு வழி ஆகிவிட்டது. ஒரு பக்கம் கம்பெனிச் சுவர், இன்னொரு பக்கமும் கம்பெனிச் சுவர், நடுவில் கன்டெய்னர் லாரிகள். வயல் வழியாக இருந்த குறுக்குப் பாதைகள் எல்லாம் ஏதாவது ஒரு சுவரில் போய் முட்டிக்கொண்டு நின்றன. நடந்து போகிறவனும் ரோட்டு மேலேதான் போகவேண்டும்.

பிளஸ் டூ பசங்களுக்குச் சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ். முடிந்து வெளியே வந்தால் ஒரே ஒரு அரசு பஸ். அது எங்கள் பள்ளி நிறுத்தத்தில் நிற்காது. நிற்காது என்றால் சும்மா போய்விடும் என்று நினைக்காதீர்கள். வேகத்தைக் குறைக்கும். நிற்பதுபோல நடிக்கும். பசங்க ஓடுவார்கள். கொஞ்சம் தள்ளிப்போய் ஒரு பெருமூச்சு விடும். பசங்க இன்னும் ஓடுவார்கள். கிட்டே போனதும் கிளம்பிவிடும். பசங்க வைத்திருப்பது இலவச பாஸ். ஏற்றினால் ஒரு பைசா வராது.

அதே நேரத்தில், அதே நிறுத்தத்தில், கம்பெனி பஸ்கள் வரும். இண்டிகேட்டர் போட்டு, ஓரம் கட்டி, கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் ஒரே ஒரு ஆளுக்காக நின்று, கதவு திறந்து, ஏற்றிக்கொண்டு போகும். எங்கள் பசங்க அதைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள்.

பையன்கள் எப்படியாவது லோடு வண்டியில் தொற்றிக்கொண்டு போய்விடுவார்கள். மாட்டிக்கொண்டது ஒரு பொண்ணு. நாலைந்து கிலோமீட்டர் தள்ளி, ரோட்டிலிருந்து உள்ளே ஒரு சின்ன ஊர் அவளுக்கு. அந்த ஊரிலிருந்து பத்தாவதைத் தாண்டி வந்த ஒரே பொண்ணு. அப்பா இல்லை. அம்மா ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் கேன்டீன் வேலை. அரசாங்கம் கொடுத்த சைக்கிளை அம்மா வீட்டிலேயே பூட்டிவைத்துவிட்டார், அந்த லாரிகளுக்கு நடுவில் யார் ஓட்ட விடுவார்கள்? ஷேர் ஆட்டோ எல்லாம் ஷிப்ட் முடிந்து வரும் ஆட்களால் பிதுங்கும். காலை பஸ் எப்படியோ ஏற்றிக்கொள்ளும். சாயங்காலம் பஸ் நிற்காவிட்டால் இருட்டுகிற நேரத்தில் ஒயின்ஷாப்பைத் தாண்டி அவள் தனியாக நடக்கவேண்டும். "படிப்பு போதும், கம்பெனிக்கு வந்துடு" என்று அம்மா அடிக்கடி சொல்வதாக அவளே என்னிடம் சொல்லியிருந்தாள். அதனால் எங்களுக்கெல்லாம் பஸ் என்றால் பஸ். அவளுக்கு மட்டும் பஸ் என்றால் பிளஸ் டூ.

ஒருநாள் கடைசி பெஞ்சில் உட்காரும் பெரிய பையன் ஒருத்தனின் பை வித்தியாசமாகத் தொங்கியது. புத்தகம் சுமக்கிற பழக்கம் அவனுக்குக் கிடையாது. திறக்கச் சொன்னேன். உள்ளே கருங்கல் ஜல்லி. நல்ல பெரிய சைஸ்.

"இன்னாடா இது?"

"பஸ்ஸுக்கு சார்" என்றான், ஏதோ பூஜைக்கு என்பதுபோல. "ஒரே ஒரு கண்ணாடி சார். அப்பால பாருங்க, வூட்டு வாசல்ல வந்து நிக்கும்."

வேறு வாத்தியாராக இருந்தால் காதைத் திருகி எச்.எம். அறைக்கு இழுத்துப் போயிருப்பார். நான்தான் காஞ்சிபுரம் போய் சாம்பார் சாப்பிட்டவன் ஆயிற்றே! ஆகா, ஜனநாயகப் பங்கேற்பு தானாக வந்து மடியில் விழுந்ததே என்று எனக்குப் புல்லரித்தது. கல்லா, மனுவா? வகுப்பே முடிவு செய்யட்டும், ரகசிய வாக்கெடுப்பு என்று அறிவித்தேன். சாக்பீஸ் டப்பாவின் மூடியில் ஓட்டை போட்டேன். அது ஓட்டுப்பெட்டி.

ஓட்டுக்கு முன்னால் இரண்டு தரப்பும் பேசலாம் என்றேன். அவன் எழுந்தான்.

"கம்பெனி பஸ் இன்னாத்துக்கு நிக்குது? அதுல போறவன் லேட்டா போனா கம்பெனிக்கு நஷ்டம். நாம லேட்டா போனா யாருக்கு நஷ்டம்? நமக்குத்தான். நம்ம நஷ்டம் அவங்க நஷ்டமா ஆவணும். அவ்ளோதான் மேட்டரு. அதுக்கு ஒரு கண்ணாடி போதும்."

பொருளாதாரப் பாடத்தில் அவன் வாங்கிய மார்க்கை நினைத்துப் பார்த்தேன். தாளைத் திருத்தியவர்தான் பெயிலாகியிருக்கவேண்டும்.

பிறகு அந்தப் பொண்ணு எழுந்தாள். பேசமாட்டாள் என்றுதான் நினைத்தேன்.

"கண்ணாடி ஒடஞ்சா டிரைவரு மூஞ்சிலதான் படும். அவரு இன்னா பண்ணாரு பாவம்? எழுதிக் குடுப்போம். நம்ம கஷ்டம் தெரியாமதான நிக்காம போறாங்க? தெரிஞ்சா நிப்பாங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "எனக்கு ஜனவரில பதினெட்டு ஆவுது. லேட்டாத்தான் ஸ்கூல்ல சேத்தாங்க. அப்பால நெஜ ஓட்டே போடுவேன். அதுக்கு மொதல்ல இந்த ஓட்டு ஜெயிக்குதான்னு பாக்கறேன்."

ஒருத்தன் விசிலடித்தான். மனு ஜெயித்தது, நல்ல வித்தியாசத்தில். பையில் கல் கொண்டுவந்தவன் எழுந்து வந்து, கற்களையெல்லாம் ஜன்னலுக்கு வெளியே கொட்டினான். ஒன்றை மட்டும் என் மேஜைமேல் வைத்தான்.

"தோத்துட்டேன் சார். இனிமே எவனாவது கல்ல தொட்டா அவன நான் பாத்துக்கறேன்."

"அடிக்கக் கூடாதுடா!"

"சும்மா பாத்துக்குவேன் சார்."

அன்றைக்கு நான் வீட்டுக்குப் போனது ஸ்கூட்டரில் இல்லை, மேகத்தில். என் சம்சாரம் என்ன ஆயிற்று என்று கேட்டாள். இந்த நாட்டில் ஜனநாயகம் வேரூன்றிவிட்டது என்றேன். பால் தீர்ந்துவிட்டது, வாங்கி வாருங்கள் என்றாள்.

மனு எழுதினோம். எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். டிப்போவில் கொடுத்துவிட்டு வந்தேன். நகல் பறந்துவிடாமல் இருக்க என் மேஜையில் அந்தக் கருங்கல்லையே மேலே வைத்தேன். அகிம்சையின் நகலுக்குப் பாதுகாப்பு அந்தக் கல்தான்.

இப்போது வரவேற்பு விழா. மனு கொடுத்து கொஞ்ச நாள் கழித்து ஒரு சாயங்காலம், எல்லாரும் நிறுத்தத்தில் நிற்கிறோம். பஸ் வந்தது. வேகம் குறைந்தது. வழக்கமான நடிப்பு என்று பசங்க ஓடத் தயாரானார்கள். ஆனால் அது எங்களுக்கு நேரே, ஒரு குலுங்கு குலுங்கி, நின்றேவிட்டது. முழுசாக. இன்ஜினே அணைந்துவிட்டது.

"பாத்தீங்களாடா!" என்று கத்தினேன். கைதட்டினேன். பசங்களையும் தட்டச் சொன்னேன். எதிரே பெட்டிக்கடையில் இருந்த கடலை மிட்டாய் ஜாடியை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தேன். டிரைவர் கீழே இறங்கினார். முதல் மிட்டாயை அவர் கையில் வைத்து, "ரொம்ப நன்றிண்ணே! எங்க பசங்க சார்பா, பள்ளி சார்பா" என்று ஆரம்பித்துவிட்டேன். அவர் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு, மென்றபடியே என்னைத் தாண்டிப் பின்பக்கம் போனார். சக்கரத்தை ஒரு உதை உதைத்துப் பார்த்தார்.

"ஏம்பா கண்டக்டர், ஜாக்கிய எட்றா. பூரா காத்தும் பூட்சு."

அந்தப் பொண்ணு புத்தகப் பையால் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். பெரிய பையன் சிரிக்கவில்லை. மரியாதை தெரிந்தவன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தான்.

சக்கரம் மாற்றும்வரை டிரைவரோடு பேசிக்கொண்டிருந்தேன். கெட்டவர் இல்லை. "வாத்யாரே, கோச்சுக்காத. டைம் போனா எனக்கு மெமோ. கலெக்சன் கொறஞ்சா மெமோ. உம் பசங்கள ஏத்துனா ரெண்டும் போவுது. ஏத்தாம போனதுக்கு இதுவரிக்கும் எவனும் எனக்கு மெமோ குடுத்ததில்ல."

"மனு குடுத்திருக்கமேண்ணே!"

"அப்டியா? எங்கிட்ட எவனும் சொல்லலியே."

இன்னொரு மிட்டாய் கொடுத்தேன். பார்க்கிறேன் என்றார். அதற்கப்புறம் இரண்டு மூன்று நாள் நிஜமாகவே நிறுத்தினார். பிறகு மெமோ வந்திருக்கும்போல. மறுபடியும் பெருமூச்சு, மறுபடியும் ஓட்டம்.

நான் விடவில்லை. திங்கட்கிழமை லீவு போட்டு காஞ்சிபுரம் போய், கலெக்டர் ஆபீஸில் மனு வாங்கும் நாளில் வரிசையில் நின்று, இன்னொரு மனு கொடுத்தேன். பதில் வந்தது. வரும் என்றே நான் நம்பவில்லை, வந்துவிட்டது! வகுப்பில் சத்தமாகப் படித்தேன். மேற்படி இடம் அங்கீகரிக்கப்பட்ட நிறுத்தம் என்றும், மேற்படி பேருந்து அங்கே நின்று செல்கிறது என்றும், ஆகவே மேல்நடவடிக்கை தேவையில்லை என்றும் அதில் இருந்தது.

கடைசி பெஞ்சிலிருந்து குரல் வந்தது. "அப்போ நாமதான் அங்க நிக்கல போல சார்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தப் பொண்ணு மட்டும் சிரிக்கவில்லை. மழைக்காலம் வந்துவிட்டது, சீக்கிரமே இருட்டிவிடும்.

டிசம்பரில் ஒரு நாள் அவள் வரவில்லை. மறுநாள் அவளுடைய அம்மா வந்தார். கம்பெனி யூனிஃபார்ம், கழுத்தில் அட்டை, தலையில் இருந்த கேன்டீன் தொப்பியைக் கழற்றக்கூட மறந்திருந்தார். பாதி நாள் பர்மிஷன் போட்டு வந்தாராம். வராந்தாவிலேயே நின்றபடி சொன்னார். முந்தாநாள் சாயங்காலம் இரண்டு பேர் பைக்கில் ஒயின்ஷாப்பிலிருந்து அவளைத் தொடர்ந்து வந்திருக்கிறார்கள். வண்டியை உரசினாற்போல ஓட்டிக்கொண்டு, துப்பட்டாவை இழுத்து, என்னென்னமோ பேசி. அவள் ரோட்டோரப் பள்ளத்தில் குதித்திருக்கிறாள். முட்டி கிழிந்து, செருப்பு எங்கேயோ போய், மழைத் தண்ணீருக்குள்ளேயே உட்கார்ந்திருந்திருக்கிறாள், அவர்கள் போகும்வரை. எதிரே கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அதில் ஒன்றில்தான் அம்மா இருந்திருக்கிறார், ஷிப்ட் முடிந்து, அசதியில் தூங்கிக்கொண்டு.

எனக்கு ஏதாவது சொல்லவேண்டும்போல இருந்தது. எப்போதும் ஏதாவது வாயில் இருக்கும். அன்றைக்கு மனுதான் இருந்தது. "திரும்பவும் ஒரு மனு குடுத்திருக்கோம்மா, இந்தத் தடவை..." என்று ஆரம்பித்தேன்.

"சார், நீ நல்லா பாடம் சொல்றேன்னு பொண்ணு எப்பவும் சொல்லிகினு இருக்கும். நான் இல்லேங்கல. எம் பொண்ணு ரோட்ல நடக்க சொல்லோ உன் மனு கூட வருமா?"

"போலீஸ்ல சொல்லலாம்மா."

"சொல்லி? ஊருக்கே தெரியணுமா?" என்று என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குரலை இறக்கிக்கொண்டார். "அரப் பரீச்ச எழுதட்டும் சார். காச்சல்ல படுத்துகினு கூட அதுக்குத்தான் படிக்குது. பொங்கலுக்குள்ள பஸ் நின்னா அனுப்பறேன். இல்லாங்காட்டி என்னோட கூட்டிகினு பூடறேன். பதினெட்டு ஆயிட்ச்சின்னா எடுத்துக்குவாங்க. கம்பெனி பஸ்ஸு வாசல்ல வரும். திரும்பவும் வாசல்லயே எறக்கி வுடும். எனக்கு அது போதும்."



விஷயம் எப்படியோ கடைசி பெஞ்சுக்குத் தெரிந்துவிட்டது. பெரிய பையன் மத்தியானம் என் மேஜைக்கு வந்தான். அந்தக் கருங்கல்லைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"சார், மறுபடி ஓட்டு வெக்கலாமா?"

"எதுக்குடா?"

"அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா நாட்டுக்கே மறுபடி வெக்கறாங்கன்னு நீங்கதான சொன்னீங்க? நாம ஒருக்கா வெச்சா இன்னா? அந்தப் பொண்ணே இப்ப கல்லுக்குப் போட்டாலும் போடும்."

"கல்லு யார் மேல படும்னு அவதானேடா சொன்னா?"

அவன் அந்தக் கல்லை விரலால் உருட்டினான். "இன்னும் கொஞ்சம் பொறு. இந்தத் திங்கக்கிழமை நானே கலெக்டர் ஆபீஸ்ல போய் உட்கார்ந்துடறேன்" என்றேன்.

"நீங்க சொன்னா சரி சார்" என்றான். அவன் அப்படிச் சொன்னது இப்போதும் உறுத்துகிறது. ஏதாவது கிண்டல் செய்திருக்கலாம். கண்ணாடியைக்கூட உடைத்திருக்கலாம். என் பேச்சைக் கேட்டுவிட்டான்.

அந்தத் திங்கட்கிழமை போனேன். அதற்கடுத்த திங்கட்கிழமையும் போனேன். அங்கேயும் டிப்போவுக்கும் நடந்ததில் என் தொந்தி லேசாக இளைத்ததுதான் கண்ட பலன். போன இடத்தில் எல்லாரும் நல்ல மரியாதை. உட்காரச் சொன்னார்கள், டீ கொடுத்தார்கள். ஒருவர், "ரொம்ப நல்ல காரியம் சார், இந்தக் காலத்துல யார் சார் பசங்களுக்கு இதெல்லாம் சொல்லித்தர்றாங்க" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். கண்கலங்கிவிட்டேன். வெளியே வந்து பார்த்தால், எங்கள் பக்கம் போகும் பஸ் என்னையும் ஏற்றாமல் போயிற்று.

பொங்கல் லீவு முடிந்து பள்ளி திறந்தது. ஜன்னலோரம் அவள் இடம் காலி. பதினெட்டு முடிந்துவிட்டது. நிஜ ஓட்டுக்கும் கம்பெனி கேட்டுக்கும் ஒரே வயசு என்பதை நான் பாடத்தில் சொல்லித்தந்ததில்லை.

பிப்ரவரியில் பஸ் நின்றது.

எங்களால் இல்லை. கொஞ்சம் தள்ளி வேறொரு நிறுத்தம். தெற்கேயிருந்து வந்து அறை எடுத்துத் தங்கி வேலைபார்க்கும் பையன்கள், சின்னச் சின்ன சப்ளை கம்பெனிகளில் இருப்பவர்கள். அவர்களுக்குக் கம்பெனி பஸ் கிடையாது. அரசு பஸ் நிற்காமல் போகப்போக, ஷிப்டுக்கு லேட், பாதி நாள் சம்பளம் கட். நாலு நாள் பொறுத்தார்கள். ஐந்தாம் நாள் முன்கண்ணாடி தூள் தூளாகிவிட்டது. கொஞ்ச நேரம் ரோட்டிலும் உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் கன்டெய்னர் லாரிகள் மைல்கணக்கில் நின்றன. கல்லைவிட அதுதான் வேலை செய்திருக்கவேண்டும். நம்ம நஷ்டம் அவங்க நஷ்டமாக ஆகவேண்டும் என்று ஒருத்தன் எனக்கு அப்போதே வகுப்பில் பாடம் எடுத்திருந்தானே.

மறுநாள் போலீஸ், அதிகாரிகள், பேச்சுவார்த்தை. அதற்கு மறுநாள் சாயங்காலம் எங்கள் நிறுத்தத்தில் காக்கி உடுப்பில் ஒரு செக்கிங் இன்ஸ்பெக்டர் விசிலோடு நின்றுகொண்டிருந்தார். பஸ் வந்தது. நின்றது. எல்லாச் சக்கரத்திலும் காற்று இருந்தது, குனிந்து பார்த்துக்கொண்டேன்.

பசங்க ஏறினார்கள். யாரும் கத்தவில்லை. கடைசியாக அந்தப் பெரிய பையன் ஏறி, படியில் நின்று, என்னைப் பார்த்துக் கேட்டான்.

"இன்னா சார், இன்னிக்கு மிட்டாய் இல்லியா?"

இன்ஸ்பெக்டர் விசில் ஊதினார். பஸ் போயிற்று.

உடைந்த கண்ணாடியின் பின்னால் இருந்தது யார் தெரியுமா? என்னிடம் மிட்டாய் வாங்கிய அதே டிரைவர். வீட்டில் போய்ப் பார்த்தேன். கண்ணுக்கு மேலே தையல். நல்லவேளை கண்ணில் படவில்லை. "உம் பசங்க இல்லன்னு எனக்கு அப்பவே தெரியும் வாத்யாரே. அவனுங்க வீசுனா மிட்டாயதான் வீசுவானுங்க" என்று சிரித்தார். சிரித்ததில் தையல் இழுத்து, வலியில் முகம் சுருங்கியது. அந்தப் பொண்ணு சொன்னபடியே ஆயிற்று. டிரைவரின் முகத்தைப் பற்றி அவள் சொன்னது சரி. தெரிந்தால் நிறுத்துவார்கள் என்று சொன்னது மட்டும் தப்பு. அந்தத் தப்பை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்.

பொதுத்தேர்வுக்கு இன்னும் நாள் இருந்தது. பரீட்சைக்கு அவள் பேர் ஏற்கெனவே போயிருந்தது, ஹால் டிக்கெட் வந்துவிடும். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அவர்கள் ஊருக்குப் போனேன். அம்மா வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க, "பஸ் நிக்குதும்மா! தினமும் நிக்குது! அனுப்புங்க, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"நிக்குதா? நல்லது சார். படிக்கிற புள்ளைங்களுக்கு ஆவும்" என்றார். அந்தப் பட்டியலில் தன் பொண்ணு இல்லை என்பதை அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். அவள் பேக்கிங் பிரிவில் சேர்ந்து சில வாரம் ஆகிவிட்டதாம். தூங்கிக்கொண்டிருக்கிறாள், நைட் ஷிப்ட் என்றார். அவள் சம்பளத்தில் கழிக்கச் சொல்லி வாங்கின முன்பணத்தில் வீட்டுக் கூரை மாற்றியிருந்தார்கள். புதுத் தகரம் வெயிலில் பளபளத்தது. எழுப்பவா என்று கேட்டார். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

இப்போதும் அந்தப் பாடத்தை வருஷா வருஷம் நடத்துகிறேன். கல் எறியாதீர்கள் என்று சொல்லும்போது அந்தத் தையல் ஞாபகம் வரும், அதனால் அந்த வரி நன்றாகவே வரும். அடுத்த வரிதான் வருவதில்லை. எழுதிக்கொடுங்கள், காத்திருங்கள், கேட்பார்கள் என்று சொல்லவேண்டிய இடத்தில் தண்ணீர் குடிக்கிறேன், மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிறேன், ஏதாவது ஜோக் அடிக்கிறேன். பசங்க சிரிக்கிறார்கள். மணி அடித்துவிடுகிறது. மனுவின் நகல் எப்போதோ போய்விட்டது. கல் மட்டும் மேஜைமேல் இருக்கிறது, எதையாவது அழுத்திக்கொண்டு.

அவளை ஒரு தடவை பார்த்தேன். பிளஸ் டூ பரீட்சை முடிந்து, வெயில் கொளுத்துகிற நேரம், மத்தியானம். அவர்கள் ஊர் திரும்புகிற முனையில் நிழல் இல்லாத இடத்தில் நின்றிருந்தாள். நீலச் சட்டை, கழுத்தில் அட்டை, முடியை வலைக்குள் அடக்கியிருந்தாள். ஆள் கொஞ்சம் வளர்ந்தாற்போல இருந்தது. ஸ்கூட்டரை நிறுத்தினேன். "வணக்கம் சார்" என்றாள். அதே குரல்.

கேட்கவேண்டும் என்று எவ்வளவோ வைத்திருந்தேன். முட்டி ஆறிவிட்டதா, பிரைவேட்டாகப் பரீட்சை எழுதுகிறாயா, என் மேல் கோபமா. அந்தப் பாழாய்ப்போன வாய் இருக்கிறதே, அது எனக்கு முன்னால் முந்திக்கொண்டது.

"ஓட்டர் லிஸ்ட்ல பேர் சேத்துட்டியாம்மா?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று எனக்கே தெரிந்தது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். பின்னால் இண்டிகேட்டர் போட்டபடி கம்பெனி பஸ் ஓரம் கட்டி, சரியாக அவள் காலடியில் வந்து நின்றது. கதவு திறந்தது.

"பஸ் வந்துட்ச்சு சார்."